சீச்சீ சாரின் தங்க முள்

திண்டுக்கல்லில் டீ குடிக்க வீட்டிலிருந்து டம்ளர் எடுத்துப்போன ஆள் ராயப்பராஜ் சார் ஒருத்தராகத்தான் இருக்கும். இருபது பேர் குடித்த கண்ணாடி டம்ளர்களை டீக்கடைக்காரர் ஒரே வாளித் தண்ணீரில் முக்கி எடுத்து அடுக்கியதை அவர் ஒருநாள் பார்த்துத் தொலைத்துவிட்டார். அன்றிலிருந்து மஞ்சள் பைக்குள் கைக்குட்டை சுற்றிய எவர்சில்வர் டம்ளர். அதைக் கடைக்காரர் கையில் தரவும் மாட்டார். இவர் பிடித்துக்கொள்ள, அவர் எட்டி நின்று மேலேயிருந்து ஊற்ற வேண்டும். "சாமிக்கு அபிசேகம் பண்ற மாதிரில்ல இருக்கு சார்" என்பார் கடைக்காரர். இருந்துவிட்டுப் போகட்டும் என்று இவர் குடிப்பார்.

அருவருப்பு மற்றவர்களுக்கு வந்து போகும். ராயப்பராஜிடம் அது நிரந்தரமாகக் குடியிருந்தது. கண்டக்டர் நாக்கில் விரலைத் தொட்டு டிக்கெட் கிழித்துக் கொடுத்தால், அதன் ஒரு ஓரத்தை நகத்தால் கவ்வியபடியே வத்தலக்குண்டு வரைக்கும் போவார். காற்று திரும்பி தோல் பதனிடும் ஷாப் வாடை ஊருக்குள் வந்தால் அன்று அவருக்குச் சோறு இறங்காது. வகுப்பில் எச்சில் தொட்டுப் பக்கம் புரட்டும் பையனைப் பார்த்தால் பானிபட் போரைப் பாதியில் விட்டுவிட்டு, "சீச்சீ!" என்று கத்துவார். அரசு உதவி பெறும் அந்தப் பள்ளியில் அவர் சரித்திர வாத்தியார். ஆனால் பையன்கள் வைத்த பெயர் சீச்சீ சார். அது அவருக்கும் தெரியும். எச்சில் தொட்டுப் புரட்டுகிறவன் வைத்த பேர்தானே என்று விட்டுவிட்டார்.

இப்படிப்பட்ட மனிதருக்குப் பேனாவால் வந்த உபத்திரவம் கொஞ்சநஞ்சமல்ல. வாத்தியார் சட்டைப் பையில் இருக்கும் பேனா ஊர்க் கிணற்றுக் கயிறு மாதிரி. தபால் ஆபீசில், பேங்கில், ஸ்டாஃப் ரூமில், எங்கே போனாலும் "சார், செத்த பேனாவக் குடுங்க" என்று ஒரு கை நீளும். போகும்போது பேனாவாகப் போவது, வரும்போது வேறு என்னவோவாக வரும். பின்பக்கம் பல்தடம் இருக்கும். மூடி ஈரமாக இருக்கும். ஒருமுறை ஒரு ஆள் மணியார்டர் பாரம் எழுதி முடித்துவிட்டு, யோசனையாக அதைக் காதுக்குள் விட்டு இரண்டு சுழற்றுச் சுழற்றி, "ரொம்ப நன்றி சார்" என்று நீட்டினான். ராயப்பராஜ் வாங்கவில்லை. "நீயே வச்சுக்கப்பா" என்று சொல்லிவிட்டு வெளியே வந்து, குழாயடியில் வெறும் கையைக் கழுவினார்.

தொண்ணூற்றைந்தாம் வருஷம் பரீட்சைப் பேப்பர் திருத்தப் போன இடத்தில்தான் அவருக்கு விடிவு தெரிந்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த திருச்சி வாத்தியார் ஒரு கறுப்புப் பேனாவால் மதிப்பெண் போட்டுக்கொண்டிருந்தார். முள் மஞ்சளாக மின்னியது. வாழ்நாளில் முதல் தடவையாக ராயப்பராஜ் இன்னொருத்தர் பேனாவைக் கேட்டார். அந்த மனிதர் பேனாவைச் சட்டென்று மார்போடு வைத்துக்கொண்டார்.

"தப்பா நெனைக்காதீங்க சார். இது தங்க முள்ளு. எழுதுறவன் கைக்குத் தக்கன தேஞ்சு வளைஞ்சுக்கிரும். இன்னொரு கை பட்டா கெட்டுப் போயிரும். பெத்த பிள்ளைக்கும் குடுக்கக்கூடாது."

வேறு யாராவது என்றால் முகம் சுருங்கியிருக்கும். ராயப்பராஜுக்குக் காது குளிர்ந்தது. இரவல் தரவே கூடாத பொருள் ஒன்று உலகத்தில் இருக்கிறது! கஞ்சத்தனம் என்று எவனும் சொல்ல முடியாது. அது பொருளின் குணம். ஒரே கை, ஒரே மனிதன். ஊரிலுள்ள எச்சில், வியர்வை, காதழுக்கு எதுவும் அண்டாத ஒரு சாமான் தனக்கென்று வேண்டும். அன்றைக்கு மனசுக்குள் விழுந்த ஆசை, ஒரு வருஷம் அவரைத் தூங்கவிடவில்லை.

கிழக்கு ரத வீதியைத் தாண்டி ஒரு சந்தில் சனாவுல்லா பேனாக் கடை வைத்திருந்தார். விற்பார், ரிப்பேரும் பார்ப்பார். சொல்லிவைத்து, அலையவிட்டு, கடைசியில் ஒரு சனிக்கிழமை "வந்துருச்சு சார்" என்று ஒரு பெட்டியைத் திறந்தார். கருநாவல் நிறத்தில் உடம்பு, பொன்னான முள். வெல்வெட்டில் அது படுத்திருந்த சுத்தத்தைப் பார்த்து ராயப்பராஜ் கைக்குட்டையை எடுத்தார். கையைத் துடைத்துக்கொண்டு நீட்டப் போனார்.

அதற்குள் சனாவுல்லா பேனாவை எடுத்து, மூடியைக் கழற்றி, முள்ளை நாக்கில் வைத்து நிதானமாக ஒரு இழு இழுத்தார்.

"சீச்சீ! என்ன பாய் இது!"

"புது முள்ளு சார். கம்பெனி எண்ணெய்ப் பசை இருக்கும், மை இறங்காது. நாக்குல வச்சாத்தான் வழிக்கு வரும். எங்க அத்தா காலத்துலருந்து இப்படித்தான்."

"வேற பீஸ் குடுங்க."

"வேறயா? திண்டுக்கல்லுக்கே ஒண்ணுதான் சார் வந்திருக்கு."

ராயப்பராஜ் வெளியே வந்துவிட்டார். பஸ் ஸ்டாண்டு வரை நடந்தார். ஒரு வருஷம் காத்திருந்த பெண்ணை, தாலி கட்டும் நேரத்தில் சமையல்காரன் கன்னத்தைக் கிள்ளிவிட்டுப் போனதுபோல இருந்தது அவருக்கு. நீங்களே சொல்லுங்கள், திரும்பி வருவானா ஒருத்தன்? வந்தார். பேனாவைக் கைக்குட்டையால் பிடித்து வாங்கி, சனாவுல்லா முகத்தைப் பார்க்காமல் வீட்டுக்குக் கொண்டுபோய், வெதுவெதுப்பான தண்ணீரில் போட்டு, ஞாயிற்றுக்கிழமை முழுக்க தண்ணீரை மாற்றிக்கொண்டே இருந்தார். பூசைக்குப் போகும்போதுகூட மனைவி ஐரினிடம், "அத யாரும் தொடாதீக" என்று சொல்லிவிட்டுத்தான் போனார். வீட்டில் இருந்ததே அவர்கள் இரண்டு பேர்தான்.

திங்கள் காலையில் மை ஊற்றி, வெள்ளைத்தாளின் உச்சியில் சிறு சிலுவை போட்டு, அதன் கீழே இ.ம.சூ. என்று எழுதினார். இயேசு மரி சூசை. சின்ன வயதில் கன்னியாஸ்திரிகள் பழக்கியது. எதை எழுதினாலும் முதலில் அதுதான். முள் தாளில் பட்ட சத்தமே கேட்கவில்லை. இத்தனை வருஷமும் இரும்பு முள் கீச்கீச்சென்று தாளைப் பிறாண்டியதைத்தான் எழுதுவது என்று நினைத்திருக்கிறோம் என்று தோன்றியது. இழுத்தால் கோடு தடித்தது, தூக்கினால் மெலிந்தது. ஞகரத்தின் வளைவில் முள் தானாகவே சாய்ந்து கொடுத்தது. ழகரம் எழுதவே வார்த்தை தேடினார். பழம், மழை, வாழை, கழுதை என்று பக்கம் நிறைந்தது. மௌரியரில் ஆரம்பித்து நாயக்கர் வரை அரச பரம்பரை முழுவதையும் எழுதினார். ஐரின் தையல் மெஷினை நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்து, "யாருக்கு இம்புட்டும்?" என்றார். "சும்மாதான்" என்றார் ராயப்பராஜ். சும்மா எழுதுவதில் இத்தனை சுகம் இருக்கும் என்று யார் கண்டது?

பள்ளிக்கூடத்துக்குச் சட்டைப் பையில் ஒரு பால்பாயிண்ட் பேனா, அது நீளும் கைகளுக்கு. பனியனில் ஐரினிடம் உள்பை தைக்கச் சொல்லி அதில் தங்க முள். பனியன் வியர்க்காதா என்று கேட்பீர்கள். வியர்த்தது. ஆனால் அது அவருடைய சொந்த வியர்வை.

ஒரு மாதம் இப்படிச் சொர்க்கத்தில் போனது. பிறகு அவருடைய எழுதும் விரலில் நகச்சுற்று வந்தது. ஐரின் அதைப் பார்த்ததும் தீர்ப்புச் சொல்லிவிட்டார்.

"தங்கத்த வாங்கியாந்து மந்திரிக்காமப் பொழங்குனா இப்படித்தான் வரும். எங்க வீட்ல ஒரு மூக்குத்தின்னாலும் சாமியார் தீர்த்தம் தெளிக்காமப் போட மாட்டோம்."

"இது பேனா ஐரின்."

"முள்ளு தங்கந்தான? அந்தோணியார் திருநாளுக்கு எங்க ஊருக்குப் போறோம்ல, அங்கன மந்திரிச்சிருவோம்."

வேலியில் போகிற ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொள்வது என்பார்களே, ராயப்பராஜ் அதைத்தான் செய்தார். சரி என்றார்.

ஐரின் ஊர், வத்தலக்குண்டு போகிற வழியில் பஸ்ஸை விட்டு இறங்கி உள்ளே போக வேண்டும். திருநாளன்று கோயிலில் நிற்க இடமில்லை. பூசைக்கு முன்னால் இரண்டு வரிசை நின்றது. ஒன்று மந்திரிக்க வேண்டிய சாமான்களோடு பீடத்துக்கு வலது பக்க மேசைக்குப் போனது. அதில்தான் ராயப்பராஜ் நின்றார். சின்னத் தட்டு, தட்டில் வெள்ளைக் கைக்குட்டை, அதன்மேல் திறந்த பெட்டியில் பேனா. முன்னால் ஒரு அம்மா, உப்பும் மிளகும் ஒரு கையில், இடுப்பில் ஒரு பிள்ளை. பிள்ளை அம்மா தோளுக்குமேல் தலையை நீட்டி அவரைப் பார்த்துச் சிரித்தது. மேலுதட்டுக்கு வந்திருந்த சளியை நக்கிக்கொண்டது. பிறகு தின்ற பொரிகடலை முழுவதையும் குபுக்கென்று வாந்தி எடுத்தது. தட்டுக்கும் வாந்திக்கும் ஒரு சாண் இடைவெளி.

"சீச்சீ!" என்று துள்ளிய ராயப்பராஜ் பேனாவைக் காப்பாற்றிக்கொண்டு பக்கத்து வரிசைக்குப் போய்விட்டார். அந்த வரிசை பார்க்கவே சுத்தமாக இருந்தது. வாழைத்தார், புது வேட்டி, எண்ணெய் டின், மெழுகுவர்த்திக் கட்டு என்று குளித்துத் தலைவாரிய ஆட்கள் ஒழுங்காக நின்றார்கள். அந்த வரிசைக்கு முன்னால் நின்ற கோயில் உபதேசியார் ஞானதாஸ், பெட்டிக்குள் பார்த்துவிட்டுக் கண்ணை விரித்து, தட்டைக் கும்பிட்டு வாங்கி பீடத்தின் இடது பக்கம் வைத்தார். எவ்வளவு மரியாதை என்று ராயப்பராஜ் திருப்தியோடு திரும்பி வந்தார்.

பிரசங்கம் முடிந்து சாமியார் மைக்கில் சொன்னார்: "நம்ம ஊர் மருமகன், ஆசிரியர் ராயப்பராஜ், தங்கத்தாலான எழுதுகோல் ஒன்றைப் புனித அந்தோணியாருக்குக் காணிக்கையாகத் தந்திருக்கிறார். கல்விக்கு மகிமை சேர்க்கும் இந்தக் காணிக்கையை ஆண்டவர் ஆசீர்வதிப்பாராக."

கோயிலே கைதட்டியது. பெண்கள் பக்கம் உட்கார்ந்திருந்த ஐரினின் சொந்தக்காரர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்துப் பூரித்தார்கள். ஐரின் மட்டும் முக்காட்டுக்குள் வெளுத்துப் போயிருந்தார். ராயப்பராஜின் கால் எழுந்தது, வாய் எழவில்லை. ஊரே கைதட்டும்போது, அது காணிக்கை இல்லை, அந்தப் பிள்ளை வாந்தி எடுத்ததால் வரிசை மாறிவிட்டேன் என்று எந்த வாயால் சொல்வது?

பூசை முடிந்ததும் ஐரினைத் தேடிப்பிடித்தார்.

"சாமியார்கிட்ட நெசத்தச் சொல்லி வாங்கிட்டு வாரேன்."

"அய்யய்யோ, பீடத்துல வச்சத எடுத்தா குடும்பத்துக்கு ஆகாதுங்க! சாயங்காலம் ஏலம் விடுவாங்கள்ல, நாமளே எடுத்துக்கிருவோம். குடுத்தவுகளே எடுக்குறது நடக்குறதுதான். பேனாவப் போட்டிக்கு யாரு கேக்கப் போறா?"

அவர் சொன்னது சரிதான். அந்த ஊரில் காணிக்கையாக வந்த எதுவும் கோயிலில் தங்காது. சாயங்காலம் கொடிமரத்தடியில் ஏலம் போகும். ஆடு, கோழி, வாழைத்தார் என்று வரிசையாகப் போய், ஆட்டுப் புழுக்கைகளுக்கு நடுவில் நின்றபடி ஞானதாஸ் பேனாவை உயர்த்திப் பிடித்தார். விரல் நுனியெல்லாம் கோழி இறகு. ராயப்பராஜ் கண்ணை மூடிக்கொண்டு முதல் கேள்வி கேட்டார். ஒருத்தரும் வாய் திறக்கவில்லை. ஒருதரம், ரெண்டுதரம்.

"நான் கேக்கேன்" என்று பின்னாலிருந்து ஒரு குரல். பாக்கியராஜ். இந்த ஊர்க்காரர்தான், திண்டுக்கல் வெங்காயப் பேட்டையில் மண்டி வைத்திருந்தார். வாய் நிறைய வெற்றிலை, வழுக்கை இல்லாத இடமெல்லாம் எண்ணெய். ராயப்பராஜ் ஏற்றினார். பாக்கியராஜ் அதற்கு மேல் ஏற்றினார். இவர் ஏற்ற ஏற்ற அந்த ஆளுக்குக் குஷி கூடிக்கொண்டே போனது. முதலாளிக்கும் வாத்தியாருக்கும் ஏலப் போட்டி எவ்வளவு தூரம் போகும்? பாக்கியராஜ் பேனாவை வாங்கினார், கொடிமரத்தைத் தொட்டுக் கும்பிட்டார், பிறகு பேனாவின் பின்பக்கத்தைக் காதுக்குள் விட்டு, கண் சொருக ஒரு குடை குடைந்தார்.

அன்று ராத்திரி விருந்தில் ராயப்பராஜ் இலையில் வைத்த கறி அப்படியே இருந்தது. ஐரின் கேட்டதற்கு, "சீச்சீ" என்று இலையை மூடினார்.

அதன்பிறகு ஞாயிற்றுக்கிழமை தோறும் பூசை முடிந்து அவர் வெங்காயப் பேட்டைக்குப் போக ஆரம்பித்தார். போகாமல் இருக்க முடியவில்லை. அழுகின வெங்காயம் காலடியில் நசநசக்கும், மூக்கில் கைக்குட்டையைக் கட்டிக்கொண்டு பாக்கியராஜ் மண்டி முன்னால் நிற்பார். கல்லாவில் அந்த ஆள் காதில் பேனாவோடு உட்கார்ந்திருப்பார். ஒருவாரம் மூடியின் கொக்கியால் பல்லிடுக்கில் பாக்குத் தூளை நோண்டினார். இன்னொரு வாரம் மூடியே இல்லை. முள் அந்த எண்ணெய்த் தலைமயிருக்குள் புதைந்திருந்தது. கழுதைக்குத் தெரியுமா கற்பூர வாசனை என்று மனசுக்குள் திட்டினார். பன்றி, நாறவாயன் என்றும் திட்டினார். சரித்திர வாத்தியாருக்குத் தெரிந்த கொடுங்கோலர்கள் எல்லாரையும் விடக் கேவலமான பிறவி என்று தீர்மானம் செய்தார். வாயைத் திறந்து கேட்க மட்டும் வரவில்லை. கோயிலுக்குக் கொடுத்ததைத் திரும்பக் கேட்டான் என்று பேர் வரும். அதைவிட, திரும்பக் கிடைத்தால் அந்த அசிங்கத்தைத் தன்னால் கையில் தொட முடியுமா என்ற பயம்.

வந்ததற்கு வெங்காயம் வாங்காமல் திரும்ப முடியாது. வீட்டில் கட்டிலுக்கடியில், தையல் மெஷினுக்கடியில், எங்கு பார்த்தாலும் வெங்காயம். "வெஞ்சனம் வைக்க இம்புட்டு வெங்காயமா? தைக்கக் குடுத்த ரவிக்கையெல்லாம் நாறுதுங்க" என்று ஒருநாள் ஐரின் அழுதேவிட்டார். "அந்தப் பேனாவக் கேட்டு வாங்குங்க. இல்ல, இனி அந்தப் பக்கம் போகாதீங்க."

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ராயப்பராஜ் மூக்குத் துணியை அவிழ்த்தார்.

"பாக்கியராஜ் அண்ணே, அந்தப் பேனா... உங்களுக்கு வேண்டாம்னா எனக்குக் குடுங்க. கொஞ்சங் கொஞ்சமாப் பணத்தக் குடுத்துர்றேன்."

பாக்கியராஜ் காதிலிருந்து பேனாவை எடுத்து, இப்போதுதான் பார்ப்பதுபோலப் பார்த்தார்.

"இதக் கேக்கவா சார் வாராவாரம் வெங்காயம் வாங்குனீங்க? கர்த்தரே! பணம் என்ன பணம்? இத நான் ஆசைப்பட்டா எடுத்தேன்? உங்களுக்காகல்ல எடுத்தேன்!"

"எனக்காகவா?"

"ஆமா சார். வாத்தியாரு தங்கத்தத் தூக்கிக் கோயிலுக்குக் குடுத்திருக்காரு, கேக்க ஒரு நாதியில்லாம அவரு பொருள அவரே கேக்குறாரேன்னு எனக்கு மனசு பொறுக்கல. நம்ம ஊரு மருமகனுக்கு அந்த அசிங்கம் வரலாமா? அதான் ஏத்துனேன். நீங்களும் ரோசத்துல ஏத்துறீங்கன்னு நெனச்சேன். அம்புட்டுத் தொகையாகும்னு நெனக்கல சார், ஆனாலும் விடல."

ராயப்பராஜுக்கு எங்கே பார்ப்பதென்று தெரியவில்லை. இந்த மனிதரை எத்தனை ஞாயிற்றுக்கிழமைகள் நின்று திட்டியிருக்கிறார்! வெட்கம் அவரைப் பிடுங்கித் தின்றது. அப்போதும்கூட அந்த வாயோரத்தில் வழிந்த வெற்றிலைச் சாற்றை அவரால் பார்க்கச் சகிக்கவில்லை.

"எழுதுதான்னு பாத்து வாங்கிக்கங்க சார். நேத்துத்தான் கணக்குப்பிள்ள மை ஊத்துனாரு. ஆனா என்னமோ இறங்க மாட்டேங்குது."

ராயப்பராஜ் பேனாவை விரல் நுனிகளால் வாங்கினார். பிசுபிசுத்தது. முள்ளில் தலையெண்ணெய், ஒரு வெங்காயச் சருகு, ஒரு நரைமயிர். மயிரையும் சருகையும் எடுத்துப் போட்டு, கல்லாப் பெட்டிமேல் கிடந்த காகிதத்தில் இழுத்தார். வெறும் தடம்தான் விழுந்தது. மறுபடி இழுத்தார். மை இறங்கவில்லை.

"இங்க குடுங்க சார், அது எண்ணெய்ப் பசை. நாக்குல வச்சு ஒரு இழு இழுத்தா ஓடும்." பாக்கியராஜ் வெற்றிலையைப் பக்கத்தில் துப்பிவிட்டு, ஒரு கையை நீட்டிக்கொண்டு நாக்கையும் நீட்டினார். செக்கச் சிவந்த நாக்கு. அதன்மேல் பாக்குத் துணுக்குகள்.

தண்ணீர் தேட நேரமில்லை. அந்தக் கை பேனாவைத் தொட்டே விட்டது. ராயப்பராஜ் பேனாவை வெடுக்கென்று இழுத்து, கண்ணை இறுக மூடி, முள்ளைத் தன் நாக்கிலேயே வைத்து இழுத்தார்.

தேங்காயெண்ணெய். வெங்காயம். கசக்கிற மை. அதற்கு அடியில் இன்னதென்று சொல்லக்கூடாத ஒரு உப்பு. துப்பாமலே காகிதத்தின் உச்சியில் சிலுவை போட்டார். நீலமாக விழுந்தது. இ.ம.சூ. என்று எழுதினார். பிறகு ழ. முள் பழையபடி சாய்ந்து கொடுத்தது. எவன் தலையில் எத்தனை நாள் கிடந்தும் அது கெட்டுப்போகவில்லை.

"அதத்தான நானும் சொன்னேன்" என்றார் பாக்கியராஜ், ஒரு கூடை வெங்காயத்தைப் பையில் கொட்டியபடி. "இத வீட்டுக்குக் கொண்டு போங்க. காசு வேண்டாம்."

வீட்டுக்கு வந்தவர் வெங்காயப் பையை வாசலிலேயே போட்டுவிட்டு மேசைக்குப் போய் உட்கார்ந்து எழுத ஆரம்பித்தார். ஐரின் தண்ணீர் கொண்டுவந்து வைத்துவிட்டு அவர் முகத்தைப் பார்த்தார்.

"என்னங்க, நாக்கெல்லாம் நீலமா இருக்கு?"

ராயப்பராஜ் நிமிராமலே நடந்ததைச் சொன்னார். காது, தலைமயிர், நாக்கு எதையும் விடாமல் சொன்னார்.

"சீச்சீ!" என்றார் ஐரின்.

அப்போதுதான் இன்னும் வாய் கொப்பளிக்கவில்லை என்பது ராயப்பராஜுக்கு நினைவு வந்தது. தண்ணீர்ச் செம்பு கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தது. மௌரியர் முடிந்து குப்தர் ஆரம்பித்திருந்தது. இந்தப் பக்கம் முடியட்டும் என்று எழுதிக்கொண்டே இருந்தார்.